தெரு முனையில் அணையும் மைக்

ஊரில் அவருக்கு மைக்காரர் என்று பெயர். வேனின் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, கூரையில் கட்டிய குழாய் வழியாக மெத்தை, செருப்பு, கண் சிகிச்சை முகாம் எதற்கும் ஒரே உருக்கத்தோடு ஆள் சேர்ப்பார். வீட்டில் மட்டும் வாய் திறக்க மாட்டார். "ஊருக்கே கேக்குது, எனக்குத்தான் ஒண்ணும் கேக்கல" என்பது மனைவியின் நிரந்தரப் புகார்.

அந்த ஆண்டு கல்லூரிப் பிரசாரம் கிடைத்தது. வீட்டில் யாருமே கல்லூரி வாசலை மிதிக்காத பிள்ளைகளுக்கு, நுழைவுத் தேர்வுக்கு இலவசப் பயிற்சி. பெயர் கொடுத்தால் போதும். "உங்கள் பிள்ளையாலும் முடியும்" என்று சந்து சந்தாகச் சொன்னார். எட்டாவதோடு நின்றவருக்கு அந்த வாக்கியத்தில் குரல் தானாகத் தழுதழுத்தது. பிரசாரத்தை நடத்தியவர்கள் நல்ல நடிப்பு என்று பாராட்டினார்கள்.

தம் தெரு முனை வந்ததும் மைக்கை அணைத்துவிடுவார். பழைய வழக்கம். மகள் சிறுமியாக இருந்தபோது, மூட்டைப்பூச்சி மருந்துக்கு அவர் கொடுத்த குரலை வகுப்பே சொல்லிக் காட்டிக் கேலி செய்ய, அழுதுகொண்டு வந்தாள். அன்றிலிருந்து அந்தத் தெருவில் வேனுக்கு மௌன விரதம்.

பெயர் கொடுக்கக் கடைசி நாள் முடிந்த மாலை, மகள் ஒரு சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். செருப்புக் கடைச் சீருடை.

"என்னம்மா இது?"

"நாளைலேருந்து வேலைக்குப் போறேன்ப்பா."

"அப்ப பயிற்சி? பேரு குடுத்துட்டதானே?"

"நீங்க ஒண்ணும் சொல்லலையே."

"ஊரு பூரா தொண்டை கிழியக் கத்தினேனேடி."

"ஊருக்குக் கத்தினீங்க. நம்ம தெரு வந்ததும் அணைச்சீங்க. தினம் ஜன்னல்ல நின்னு பார்த்தேன். இது நமக்கில்ல போலன்னு விட்டுட்டேன்."

அவரிடம் பதில் இருந்தது. மூட்டைப்பூச்சி மருந்திலிருந்து தொடங்க வேண்டிய நீண்ட பதில். 

"காலர் கருகுதும்மா" என்றார்.

மறுநாள் பிரசாரம் நடத்தியவர்களிடம் போய்க் கெஞ்சினார். "தேதிய ஊருக்கெல்லாம் சொன்னதே நீங்கதானே, சார்" என்றார்கள், மரியாதையாகவே. அடுத்த ஆண்டு பயிற்சி உண்டா என்பது அவர்களுக்கே தெரியவில்லை.

அடுத்த வாரம் மெத்தைக் கடையின் தள்ளுபடி விளம்பரம். தெரு முனையில், அணைக்கப் போன கை பாதியில் நின்றது. சீருடையோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடத்தில் முதல் முறையாக அந்தத் தெரு அவர் குரலைக் கேட்டது.

"வாடிக்கையாளர்களின் வேண்டுகோளுக்கு இணங்க," என்றார் தழுதழுத்து, "கடைசித் தேதி மேலும் பத்து நாட்களுக்கு நீட்டிக்கப்பட்டுள்ளது."