எடுத்துக்கொள்ளலாம் என்றொரு முத்திரை

லேக் கார்டன்ஸில் மாதங்கி அக்கா வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். அக்காவுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜை வெள்ளத்தில் மூழ்கிய ஒரு நகரமாகிவிடும். அது ஒரு கதை விளையாட்டு. அக்கா கதையை நடத்துவார். சுற்றி இருப்பவர்கள் ஆளுக்கொரு வேடமாகப் பேசுவோம். தப்பித்தோமா, முங்கினோமா என்பதைப் பகடை சொல்லும். அக்காவை மாசி, அதாவது சித்தி, என்று கூப்பிடும் எதிர்வீட்டு வங்காளிக் கல்லூரிப் பெண் மேக்னா எப்போதும் திருடி. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான் அங்கே மீன் வியாபாரி.

2004இல் அந்த நகரத்தை அக்கா ஆங்கிலத்தில் புத்தகமாக்கினார். ஆட்ட விதிகள் அவருடையவை அல்ல. வெளிநாட்டுக்காரர்கள் எழுதி, யாரும் பயன்படுத்தலாம் என்று உரிமம் போட்டு வெளியே விட்டவை. நிபந்தனை ஒன்று உண்டு. அவற்றைக் கொண்டு நாம் செய்யும் புத்தகத்தில், எந்தப் பகுதியை மற்றவர்கள் எடுக்கலாம் என்று தெளிவாகக் காட்ட வேண்டும். நம் பெயர்களையும் கதைகளையும் நாமே வைத்துக்கொள்ளலாம்.

அப்படி அக்கா யாருக்கும் விடமாட்டேன் என்று பிடித்துவைத்திருந்தது, கதையில் வரும் கங்காமணி என்ற படகுக்காரியை. வெற்றிலை மென்றபடி, ஏறுகிறவர்களையெல்லாம் வம்புக்கு இழுப்பவள். அக்கா அவள் குரலில் பேச ஆரம்பித்தால் பகடையை மறந்துவிடுவோம்.

புத்தகக் கண்காட்சிக்கு முன்னால் அச்சகத்திலிருந்து கட்டுகள் வந்தன. மேக்னா ஒன்றைப் பிரித்துப் புரட்டினாள்.

“மாசி, எதை எடுத்துக்கலாம்னு எங்க போட்டிருக்கு?”

“நம்மளோடதுக்கெல்லாம் ஓரத்துல தாமரை போட்டிருக்கேனே. போடாததை எடுத்துக்கட்டும்.”

“அட, அது நமக்குத் தெரியும். வாங்கறவங்களுக்கு? ஏதோ டிசைன்னு நினைப்பாங்க.”

அந்த வீட்டில் எவர்சில்வர் கரண்டியில்கூடப் பெயர் வெட்டியிருக்கும். இரவல் போனது திரும்பி வர நம்மவர்கள் செய்யும் ஏற்பாடு. தன்னுடையதில் அடையாளம் போட்டே பழகியவருக்கு, கொடுப்பதில் அடையாளம் போட வேண்டும் என்று தோன்றவில்லை.

“இப்படியே வித்தா என்னக்கா?” என்றேன்.

“அவா தாராளமா குடுத்ததை வாங்கிண்டு நான் மூடி வச்ச மாதிரி ஆயிடும். கூடாதுடா.”

கரியாஹாட் கடைத்தெருவில் ஒரு ரப்பர் முத்திரை செய்து வந்தோம். முத்திரை இருக்கும் பத்தி எல்லோருக்கும், மற்றது எங்களுக்கு என்று முதல் பக்கத்தில் துண்டுச்சீட்டு ஒட்டினோம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பிரதி பிரதியாகக் குத்தினோம். கங்காமணியின் பக்கம் வந்ததும் அக்காவின் கை நின்றது. அவள் கதையும் படகோட்டும் விதியும் ஒரே பத்தியில் பின்னிக் கிடந்தன. முத்திரை குத்தினால் அவளும் போவாள். குத்தாவிட்டால் விதி மறைந்துபோகும்.

“விதி வர்ற வரியை மட்டும் அடிக்கோடு போடலாமே அக்கா.”

“ஒரே வாக்கியத்துல பாதி அவ, பாதி விதி. படிக்கறவா குழம்புவா. தெளிவாத்தானே காட்டச் சொல்லியிருக்கு.”

“அப்ப கங்காமணி?” என்றாள் மேக்னா.

அக்கா முத்திரையை மையில் தோய்த்து அழுத்திக் குத்தினார்.

“போகட்டும். எங்க போனாலும் அவ வாய் சும்மா இருக்காது.”

அடுத்த வருடம் ஊரின் இன்னொரு மூலையில் உள்ள பெஹாலாவிலிருந்து சில மாணவர்கள் தங்கள் சிறு புத்தகத்தை அனுப்பினார்கள். எது பொது, எது தங்களுடையது என்று கட்டம் கட்டிக் காட்டியிருந்தார்கள். உள்ளே படகோடு கங்காமணி. நான் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றபடியே படித்து முடித்தார்.

“என்னடா இது, ஏறறவாளை வாங்கோ போங்கோங்கறா. இவ்வளவு பதவிசா இருந்தா படகு எப்படி ஓட்டுவா?”

“கோவமாக்கா?”

“அந்தப் பசங்களை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. அவ எப்படித் திட்டுவான்னு ஒரு தடவை கேட்டுட்டுப் போகட்டும்.”