செல்வலட்சுமி வாங்கிய கத்தி

ஏழாயிரம்பண்ணையில் எங்கள் தெருவே செல்வலட்சுமியைப் பிடிவாதக்காரி என்று சொல்லும். நானும் சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரிக்கு அந்த உரிமைகூட இல்லையா? போன சீசனில் பட்டாசுக் கம்பெனியில் பிடித்த தீ அவளுடைய வலது கையைப் பொசுக்கிவிட்டது. விரல்கள் மடங்கியபடியே ஒட்டிக்கொண்டன. அதைவிட அவளை அரித்தது வேறொன்று. மகள் இசைவாணி நர்சிங் படிப்பைப் பாதியில் போட்டுவிட்டு வந்து அடுப்படியில் நின்றாள்.

"நீ ஒத்தையில காய் நறுக்கிச் சமைச்சுக் காட்டு. அப்பறம் நான் ஆஸ்டலுக்குப் போறேன்" என்று மகள் சொல்லிவிட்டாள். அருவாமனையில் காயைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். இடது கையால் கத்தி பிடிப்பதுதான் ஒரே வழி. தெருவில் விற்ற பிளாஸ்டிக் பிடிக் கத்தியை வாங்கினாள். வெட்டும்போது அது வளைந்தது. பல்லாரி வெங்காயம் உருண்டு வாசலுக்கு ஓடியது. இசைவாணி குனிந்து எடுத்து, தானே நறுக்கி முடித்தாள். அவள் ஏதாவது திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு விருதுநகருக்கு பஸ் ஏறினாள். பாத்திரக்கடை சீனிவாசகம் பளபளவென்று ஆறு கத்தி அடுக்கிய பெட்டியைத் திறந்து காட்டினார்.

"கல்யாணத்துக்குக் குடுக்க நல்லாருக்கும் அண்ணாச்சி. எனக்கு ஒண்ணு போதும். இந்தக் கைக்குத் தோதா வேணும்."

பையிலிருந்து பல்லாரியை எடுத்துக் கடைப் பலகையில் வைத்தாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முதல் கத்தியின் பிடி வழுக்கியது. அடுத்தது அகலம் போதாமல், அழுத்தும்போது விரல் முட்டி பலகையில் இடித்தது. இன்னொன்றை ஆட்டிப் பார்த்து, "தகடு பிடிக்குள்ள பாதிதான் போகுது. சீக்கிரம் கழண்டுரும்" என்று தள்ளினாள்.

அண்ணாச்சி வேறொரு கத்தியை எடுத்துத் தீட்டுகிற கம்பியில் சரக்கென்று இழுத்தார். செல்வலட்சுமி வாசல்வரை போய்விட்டாள். பட்டாசு மருந்து இருக்கும் இடத்தில் இரும்போடு இரும்பு உரசவே கூடாது என்று பயந்து பயந்து வேலை பார்த்தவள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"போயிருவோம்டி" என்றேன்.

"போயி? எம் பிள்ளைய அடுப்படியிலயே நிப்பாட்டவா?" திரும்பி வந்தாள். "இன்னொருக்கத் தீட்டுங்க அண்ணாச்சி. நானும் பழகணும்ல."

அவர் தீட்டி முடிக்கும்வரை கண்ணை எடுக்காமல் நின்றாள். அது அகலமான கத்தி. தகடு பிடியின் கடைசிவரை ஓடியது. முனைப் பக்கம் லேசான வளைவு. முனையைப் பலகையில் ஊன்றி, பின்பக்கத்தை மட்டும் தூக்கித் தூக்கி அமுக்கினாள். மடங்கிய கை பல்லாரியை அழுத்திக்கொண்டது. துண்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஆனால் வெங்காயம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"இதக் குடுங்க" என்றாள்.

மறுநாள் காலையில் யாரையும் பக்கத்தில் விடாமல் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். இசைவாணி ஒரு வாய் தின்றாள்.

"காயெல்லாம் பெருசு பெருசா இருக்கும்மா."

"பல்லு இருக்குல்ல? மென்னு தின்னு."

மகள் தட்டை வைத்துவிட்டு, அம்மாவின் மடங்கிய கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. செல்வலட்சுமி மட்டும் கையை உருவிக்கொண்டு, ராத்திரியே தான் அடுக்கி வைத்திருந்த மகளின் துணிப்பெட்டியைக் காலால் வாசலுக்குத் தள்ளினாள்.

"அழுறத பஸ்ஸுல ஏறி அழு. நேரமாச்சு."