தவிட்டுக்கு வாங்கிய தம்பி

என் தம்பி இன்று அமெரிக்காவில், பார்சிப்பனியில் ஒரு மருந்துக் கம்பெனியின் வைஸ் பிரசிடெண்ட். விருந்துகளில் அவன் தன் அனுபவத்தின் மதிப்பைப் பற்றிப் பேசும்போது நான் குறுக்கே பேசுவதில்லை. அவனுடைய அசல் விலை எனக்குத் தெரியும். ஒரு கைப்பிடி தவிடு. அதுவும் திராட்சையைப் பொறுக்கி எடுத்துவிட்ட தவிடு.

அவன் பிறந்தது எண்பதுகளின் நடுவில், நாங்கள் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஓர் அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தபோது. எனக்கு ஏழு வயது. எனக்கும் அவனுக்கும் நடுவே பிறந்த இரண்டு குழந்தைகள் பிறந்த வாரத்திலேயே போய்விட்டன. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். ஆனால் இவனை வீட்டுக்குக் கொண்டுவந்ததிலிருந்து அம்மா அவன் மூக்கருகே விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்தபடியே இருந்தாள். நான் என்ன கேட்டாலும் பதில் "ஷ்." அந்த வீட்டில் அதுவரை நான்தான் ராணி. ஒரு பொட்டலம் வந்து சேர்ந்ததும் என் ராஜ்யம் போய்விட்டது.

அம்மாவுக்குத் துணையாக ஹூஸ்டனிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். காலையும் மாலையும் ஜெபமாலை சொல்பவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முதல் வரிசையில் இடம் பிடிப்பவர். அம்மாவை இரண்டு நாள் கவனித்துவிட்டு மூன்றாம் நாள் சாப்பாட்டு மேஜையில் அறிவித்தார்.

"புள்ளைய வித்துட்டுத் திரும்ப வாங்கிடலாம்."

வித்துட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குப் பெரியம்மாவின் மீது முதல் முறையாக மரியாதை வந்தது. ஆனால் இரண்டாவது பாதி எனக்குப் பிடிக்கவில்லை.

"என்ன அண்ணி இதெல்லாம்? நாம கிறிஸ்டியன்ஸ். எமனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் அப்பா. அவர் எஞ்சினியர்.

"சாவுக்கு யாரு மாப்பிள்ளை ஞானஸ்நானம் குடுத்தா? எல்லா வீட்டுக்கும்தான் வருது."

விஷயம் இதுதான். அடுத்தடுத்துக் குழந்தைகளைப் பறிகொடுத்த தாய், புதிதாய்ப் பிறந்ததை வேறொரு பெண்ணிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகு தவிட்டை விலையாகக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். தேடி வரும் சாவு, இது தவிட்டுக்கு வாங்கிய மலிவுச் சரக்கு என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடும். அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "எனக்கு இது வேணும்ங்க" என்றாள் அம்மா. அப்பா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டார்.

பக்கத்து ஊரான ஐசலினில் அப்போதுதான் இந்தியக் கடைகள் ஒன்றிரண்டாக முளைத்துக்கொண்டிருந்தன. தவிடு கேட்ட அப்பாவிடம் கடைக்காரர், எத்தனை மாடு வைத்திருக்கிறீர்கள் என்று அக்கறையோடு விசாரித்தாராம். கடைசியில் அப்பா கொண்டுவந்தது, காலையில் பாலில் போட்டுத் தின்னும் தவிட்டு சீரியல், ஒரு பெட்டி. உலர்ந்த திராட்சை கலந்தது.

"திராட்சைய எல்லாம் பொறுக்கி எடுத்துடுடி. தவிடு தவிடாத்தான் இருக்கணும். இல்லாட்டி வெல ஏறிடும்" என்று பெரியம்மா பெட்டியை என்னிடம் தள்ளினார். பொறுக்கினேன். பொறுக்கியது எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்து, குழந்தையை வாங்கிக்கொள்ள ஒரு பெண் வேண்டும். சொந்தமாக இருக்கக் கூடாது. சர்ச்சுக்கு வரும் தமிழ்க்காரர்களும் கூடாது. ஃபாதர் காதுக்குப் போய்விடும். மிஞ்சியவர் மாடிவீட்டு பிலார் ஆன்ட்டிதான்.

அவர் ஸ்பெயின்காரர். நாற்பதைத் தாண்டியவர், தனிக்கட்டை. அம்மா வேலையிலிருந்து வரும்வரை என்னைப் பார்த்துக்கொள்பவர். ரொட்டியைப் பாலில் நனைத்துப் பொரித்துச் சர்க்கரை தூவித் தருவார். சர்ச் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். ஒருநாள் சூப்பர்மார்க்கெட்டில் இரண்டு கன்னியாஸ்திரீகளைப் பார்த்ததும், வண்டி நிறைய சாமானை அப்படியே விட்டுவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வண்டியில் என் ஐஸ்கிரீம் இருந்தது. அதனால்தான் மறக்கவில்லை.

அவரைக் கீழே கூப்பிட்டு, பெரியம்மா தன் இங்கிலீஷில் விளக்கினார். "யூ டேக் பேபி. நௌ யுவர் பேபி. மதர் நோ மதர். ஓகே?" தவிட்டுப் பகுதிக்கு அவர் வந்து சேர்வதற்குள் பிலார் ஆன்ட்டியின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது.

"நோ!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. "இந்த வீட்டில் யாரும் தாயிடமிருந்து குழந்தையை வாங்கக் கூடாது. நோபடி!"

கதவு அறைந்து சாத்தப்பட்டது. மாடிப்படியில் காலடிச் சத்தம் ஏறிப் போனது. தம்பி விழித்து அலறினான். அம்மா அழத் தொடங்கினாள். "வேண்டாம்னு சொல்லிட்டாங்களேக்கா. அபசகுனமாயிடுச்சே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கும் வருத்தம்தான். நல்ல பார்ட்டி ஒன்று கைநழுவிப் போகிறதே.

கொஞ்ச நேரம் கழித்து ஆன்ட்டியே இறங்கி வந்தார். கண்கள் சிவந்திருந்தன. சமையலறையில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து மெதுவாகப் பேசினார். நான் மேஜைக்கு அடியில், மிச்சத் திராட்சையோடு.

அவர் இளம்பெண்ணாக இருந்தபோது அவர்கள் நாட்டை ஒரு தளபதி ஆண்டார். யார் நல்ல கிறிஸ்தவர் என்று தளபதி முடிவு செய்தார். யார் நல்ல தாய் என்று கன்னியாஸ்திரீகள் முடிவு செய்தார்கள். கல்யாணமாகாத பிலார் அந்தக் கணக்கில் தாயே இல்லை. பிரசவ ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வீறிட்டு அழுததைத் தன் காதால் கேட்டிருக்கிறார். மறுநாள் காலையில், இறந்துவிட்டது என்றார்கள். முகத்தைக் காட்டுங்கள் என்று கெஞ்சியதற்கு, எல்லாம் முடிந்தது, ஜெபம் செய் என்று பதில். அடக்கம் செய்த இடத்தைக்கூடச் சொல்லவில்லை. இதேபோல் வெறுங்கையோடு வீடு திரும்பிய வேறு பெண்களைப் பின்னாளில் சந்தித்திருக்கிறார். நல்ல குடும்பங்கள் என்று கன்னியாஸ்திரீகள் நினைத்த வீடுகளுக்குப் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டார்கள் என்று அவருக்கு உறுதியாகத் தெரியும்.

"அவள் எங்கோ இருக்கிறாள். யாரையோ அம்மா என்று கூப்பிடுகிறாள்" என்றார்.

அம்மா கையிலிருந்த தம்பியை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பிறகு ஆன்ட்டியின் கையை எடுத்து அவன் வயிற்றின் மேல் வைத்தாள். வயிறு ஏறி இறங்கியது. மேஜைக்கு அடியில் நான் யோசித்துக்கொண்டிருந்தது வேறு: பிள்ளையைக் கேட்காமலே எடுத்துப்போகிற ஆஸ்பத்திரிகள் இருக்கும்போது, எங்களுக்கு வாய்த்தது மட்டும் ஏன் பத்திரமாகச் சுற்றிக் கையில் கொடுத்து அனுப்பியது?

"இந்தச் சடங்கில்," ஆன்ட்டி மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நிச்சயம்தானே? அதுதானே விதி?"

அம்மா மொழிபெயர்த்தாள்.

"திருப்பிக் குடுக்கலன்னா போலீஸைக் கூப்பிடுவேன்னு சொல்லுடி!" என்றார் பெரியம்மா.

அதையும் அம்மா மொழிபெயர்த்தாள். பிலார் ஆன்ட்டி சிரித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. பெரியம்மா, தான் அப்படியென்ன சொல்லிவிட்டோம் என்று விழித்து, பிறகு தானும் சிரித்தார்.

முறம் இல்லாததால் பேக்கிங் ட்ரேயில் தவிட்டைக் கொட்டினார்கள். ஆன்ட்டி வாசலுக்கு வெளியே நின்றார். அம்மா கதவுக்கு உள்ளிருந்து தம்பியை நீட்டினாள். ஆன்ட்டி வாங்கினார். வாங்கியவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரியம்மா தொண்டையைச் செருமினார். "டைம் ஓவர்" என்றார் பதற்றமாக.

அம்மா ஒரு பிடி தவிட்டை நீட்டினாள். ஆன்ட்டி அதைத் தன் ஏப்ரன் பையில் வாங்கிக்கொண்டு, தம்பியை அம்மாவின் கைகளில் வைத்தார். "இதோ, உங்கள் மகன்" என்றார். அப்பா கைதட்டினார். சாஸ்திரத்தில் கைதட்டல் உண்டா என்று பெரியம்மாவுக்குத் தெரியவில்லை. இருக்கட்டும் என்று அவரும் தட்டினார்.

"இன்னொரு முறை செய்யலாமா?" என்றார் ஆன்ட்டி.

"ஒரு தடவ போதும்னு சொல்லுடி. ரெண்டு தடவ வாங்கினா வெல ஏறிடும்!"

"இருக்கட்டும்க்கா" என்று அம்மா மறுபடி தம்பியை நீட்டினாள். மறுபடி தவிடு. மறுபடி, "இதோ, உங்கள் மகன்." மறுபடி கைதட்டல். அப்புறம் இன்னொரு முறை. தவிடு கார்ப்பெட்டெல்லாம் சிந்தியது. எதிர்வீட்டு அமெரிக்கத் தாத்தா கதவைத் திறந்து பார்த்து, என்னவென்று புரியாமலே அவரும் தட்டினார். தம்பி இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் போய்வந்து, சலித்துப்போய்த் தூங்கிவிட்டான். அம்மாவின் முகம் அவன் பிறந்த பிறகு அன்றுதான் தெளிந்தது. மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கவும் மறந்துவிட்டாள்.

கடைசி முறை அம்மா தவிட்டை நீட்டியபோது பிலார் ஆன்ட்டி தலையசைத்து மறுத்தார். ஒன்றும் வாங்காமல் குழந்தையைக் கொடுத்துவிட்டார்.

"தவிடு வாங்காம குடுத்தா செல்லாதே!" என்று பெரியம்மா பதறினார்.

"செல்லும்க்கா" என்றாள் அம்மா. இரண்டு பெண்களும் ஏன் வாசற்படியில் அத்தனை நேரம் கட்டிக்கொண்டு நின்றார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கையில் வந்த சரக்கைச் சும்மாவே கொடுத்துவிட்டு இப்படிச் சந்தோஷப்படுகிறாரே, பாவம், பிலார் ஆன்ட்டிக்கு வியாபாரம் வராது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.