ஞாயிறு மட்டும் பறக்கிற நெட்

நெட்வேர்க் திருத்துற எங்களுக்கு ஒரு சாபம் இருக்கு: பழுது பாக்கப் போனால் பழுது ஓடி ஒளிச்சிடும். உங்களில ஆரும் இந்தத் தொழிலில இருந்தால் இப்பவே தலையாட்டுவியள்.

குற்றவாளி ரெடி

பேசாலையில ஒரு மீன் கொம்பனி. விடியக் கரைக்கு வாற மீனை வாங்கி, ஐஸ் போட்டுக் கொழும்புக்கு அனுப்புறவை. வள்ளம் வந்த கையோட நெட் படுத்திடும். லொறிக்கான பில் கொழும்புக்குப் போகாது. முதலாளி என்னைக் கூப்பிட முதலே குற்றவாளியைப் பிடிச்சுப்போட்டார். கந்தோரில பில் அடிக்கிற ஜெனிற்றா வேலை நேரத்தில நெட்டில நாடகம் பாக்கிறாளாம், அடுத்த கிழமை அவளை வேலையால நிப்பாட்டப் போறாராம். பிள்ளை 'நானா' எண்டு, முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுற முறையில என்னைக் கூப்பிட்டுக் கண் கலங்கி நிண்டாள். பாக்கப் பாவமாக் கிடந்தது, எனக்குக் கோவமும் வந்தது.

கந்தோர் நெட் வயரெல்லாம் வந்து சேருற பெட்டிதான் சுவிட்ச்; அதில போர்ட் மிரரிங் எண்டு ஒரு வசதி இருக்கு. ஒரு வாயிலால போய்வாற எல்லாத்தையும் பிரதி எடுத்து இன்னொரு வாயிலுக்கு அனுப்பும். அதில லப்டொப்பைக் கொழுவினால் ஆர் நெட்டைத் தின்னுகினம் எண்டு தெரியும். இதை விளங்கப்படுத்த, முதலாளி கொஞ்சம் யோசிச்சிட்டுச் சொன்னார்: "பாருங்கோ தம்பி. ஆனா என்ர ஃபோனை மட்டும் பாக்க வேண்டாம்."

பூசை முடிய

ஆளில்லாத நேரம் வசதி எண்டு ஞாயிறு போனன். என்ர மூளையைப் பாருங்கோ! நெட் பறக்குது. நான் கொட்டாவி விட்டதுதான் மிச்சம். சேர்ச்சில பூசை முடிஞ்சு வந்த முதலாளிக்குச் சந்தோசம் தாங்கேல்லை. இண்டைக்கு ஜெனிற்றா இல்லை, நெட்டும் நல்லா இருக்கு, வேற என்ன சாட்சி வேணும் எண்டார். யா அல்லாஹ், நானே அவளுக்கு எதிராச் சாட்சி பிடிச்சுக் குடுத்திட்டன்.

யன்னலால பாத்தால் வள்ளமெல்லாம் கரையில கிடக்குது. நான் முசலி ஊர் முஸ்லிம், எங்களுக்கு வெள்ளிதான் நினைப்பு. ஏன் ஒருத்தரும் போகேல்லை எண்டு முதலாளியிட்டக் கேட்டன். "ஞாயிறு எங்கட ஊரில ஆரும் கடலுக்குப் போறேல்லை, தம்பி. வள்ளத்துக்கும் நெட்டுக்கும் என்ன கதை?"

கனடாவில சாப்பாடு முடிஞ்சுது

திங்கள் விடியவே போய், அதே லப்டொப்பைக் கொழுவிக்கொண்டு இருந்தன். வள்ளம் வர வர, திரையில டேட்டா கொட்டோ கொட்டெண்டு கொட்டுது. ஜெனிற்றாவிட்ட இருந்து போறது பில் மட்டும், அதுவும் நகருதில்லை. மிச்சம் முழுக்க மீன் நிறுக்கிற இடத்துக் கமராப் பெட்டியில இருந்து கனடாவுக்குப் போகுது.

கனடாவில இருக்கிற சகோதரங்களுக்கும் கொம்பனியில பங்கு. கமராவின்ர பாஸ்வேர்டைக் குடும்ப வட்ஸ்அப்பில போட்டவர் முதலாளியேதான். அங்க இரவுச் சாப்பாடு முடிய, மச்சான் மருமக்கள் எல்லாம் ஆளுக்கொரு ஃபோனில பேசாலை மீன் பாக்கினம். முதலாளி நம்பேல்லை. நான் பெட்டியின்ர வயரைக் கழட்டினன். பில் ஒரே ஓட்டமா ஓடிச்சுது. உடனே முதலாளியின்ர ஃபோன் அடிச்சுது. கனடா அக்கா. அறுக்குளா மீன் நிறுக்கிற நேரம் பாத்து ஏனடா மறைச்சனீ எண்டு அவ கத்தினது கந்தோர் முழுக்கக் கேட்டுது.

ஜெனிற்றா தலை நிமிராமல் அடுத்த பில்லை அடிச்சுக்கொண்டே, முதலாளிக்கும் கேக்கிற மாதிரி என்னட்டக் கேட்டாள்: "நானா, அடுத்த கிழமை அக்காவையும் நிப்பாட்டுவாரோ?"

எங்கட தொழிலில வயரைக் கழட்டுறது லேசு, கழட்டின பிறகு அக்காவுக்கு மறுமொழி சொல்லுறதுதான் பெரும் பாடு.