அழுதால் அதிரும் பட்டை

என் மனைவிக்குப் பத்து வயதில் வந்த காய்ச்சலில் காது கேட்காமல் போய்விட்டது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வாள். நான் முணுமுணுப்பதுகூட அதில் தப்பாது. மகள் பிறந்து, பண்ருட்டியில் தாய்வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டுக் கடலூர் திரும்பிய வாரம் அவளுடைய அண்ணன் ஒரு பேச்சை எடுத்தார். நான் காலையிலேயே சிதம்பரத்துக்கு வேலைக்குப் போய்விடுவேன். பிள்ளை வீறிட்டு அழுதாலும் இவளுக்குத் தெரியாது. அதனால் குழந்தை பேச ஆரம்பிக்கும்வரை இருவரும் பண்ருட்டியிலேயே இருக்கட்டும் என்றார். பலாப்பழ மண்டி வைத்திருப்பவர். அவர் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு இருக்காது.

மனைவி இரண்டு நாள் யாருக்கும் முகம் கொடுக்கவில்லை. "எம்புள்ளைய நான் பாத்துக்க மாட்டனா?" என்று என்னிடம் மட்டும் ஒரு தடவை கேட்டாள். எனக்கும் அவர்களை அனுப்ப மனமில்லை. மச்சானிடம் ஒரு மாதம் அவகாசம் கேட்டு வாங்கினேன்.

கல்லூரி ஒன்றில் எலக்ட்ரானிக்ஸ் லேபைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நான் தொட்டால் எந்தக் கருவியும் பேசும் என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு. மலிவான வைஃபை போர்டு ஒன்றும் குட்டிக் கேமரா ஒன்றும் வாங்கிச் சுவரில் மாட்டி, படம் அவள் போனில் தெரியும்படி செய்து, பெருமையோடு திறந்து காட்டினேன். போன் முழுக்க மஞ்சள் பூப்போட்ட சேலை. எங்கள் குழந்தை தூங்குவது சேலையில் கட்டிய தூளிக்குள் என்பது என் மூளைக்கு எட்டவே இல்லை. உள்ளே மகள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்பது அந்தச் சேலைக்கே வெளிச்சம். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

கேமராவைக் கழற்றிவிட்டு மைக் வைத்தேன். பழைய போனிலிருந்து எடுத்த அதிர்வு மோட்டாரை, இன்னொரு குட்டி போர்டோடும் பேட்டரியோடும் சேர்த்து வாட்ச் பட்டையில் தைத்து அவள் கையில் கட்டினேன். சத்தம் வந்தால் பட்டை அதிரும். மறுநாள் பதினோரு தடவை அதிர்ந்தது. அதில் குழந்தை அழுதது இரண்டே தடவை. மற்றதெல்லாம் பஸ் ஹாரன், பக்கத்து வீட்டுக் குக்கர், தேவனாம்பட்டினத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மா. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தம்மாவின் கூவல் இவளுக்கு எட்டியதே இல்லை. நான் வீடு திரும்பியபோது சங்கரா மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "இத அப்பிடியே உட்டுடுங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஆனால் மாற்றித்தான் ஆகவேண்டும். தூளிக் கயிற்றில் அசைவை அறியும் சென்சார் ஒன்றைக் கட்டினேன். மகள் விழித்ததும் காலை உதைப்பாள், தூளி குலுங்கும். குலுக்கலும் சத்தமும் சேர்ந்து வந்தால் மட்டும் பட்டை அதிரும்படி புரோகிராமைத் திருத்தினேன். மீன் போனதில் அவளுக்கு வருத்தம்தான்.

மாதம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர்களை அழைத்துப்போக மச்சான் காரோடு வந்துவிட்டார். காது நன்றாகக் கேட்கிறவர்தான். நான் விளக்கியது எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மனைவி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை நல்ல தூக்கம். மச்சான் தூளியருகே நின்று, மண்டியில் ஏலம் விடும் குரலில் இரண்டு தடவை கத்தினார். மாடியிலிருந்து யாரும் வரவில்லை. "பாத்தீங்களா மாப்ள, இது சும்மா பொம்ம" என்றார். தூளி குலுங்கவில்லையே என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், அவர் போட்ட சத்தத்தில் மகள் விழித்துக் காலை உதைத்து வீறிட்டாள்.

மச்சான் பதறிப்போய்த் தூளியை ஆட்ட ஆரம்பித்தார். மாடிப்படியில் தடதடவென்று கால் சத்தம். மனைவி ஓடிவந்து, அவரை ஒதுக்கிவிட்டுக் குழந்தையை அள்ளினாள். அண்ணன் என்ன செய்தார் என்பது நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. பட்டை கட்டிய கையை அவரிடம் நீட்டினாள்.

"நீ கத்துனது எனக்கு வரலண்ணா. எம்பொண்ணு அழுதது வந்துடுச்சி."

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணிமணி எதுவும் எடுத்துவைக்க வேண்டாம் என்றார். மத்தியானம் எங்களோடு சாப்பிட்டுவிட்டு, தனியாகவே பண்ருட்டிக்குக் கிளம்பினார்.