கட்டிதட்டாமல்

இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே கட்டைவிரல் அளவுகூட இல்லாத கண்ணாடிக் குப்பி உருண்டுகொண்டிருக்கிறது. குலுக்கக் கூடாது; நுரைத்துவிடும். நிறுத்தவும் கூடாது, மாவைவிடப் பொடிசான மருந்துத் துகள்கள் அடியில் படிந்து கட்டிதட்டும். இரண்டு நிமிடம் உருட்ட வேண்டும்.

இரண்டு நிமிடம் ஓரிடத்தில் நிற்பது இந்தக் கண் ஆஸ்பத்திரி நர்சுக்குத் தண்டனை. ஆபரேஷன் அறையில் அவளுக்குப் பெயர் பம்பரம். சாப்பாட்டை நின்றுகொண்டே முடிப்பாள். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்காரமாட்டாள். "உட்கார்ந்தா கால் என்னைத் திட்டுதுங்க" என்பாள். அடுக்கிய தட்டுகளைக் கலைத்து மறுபடி அடுக்குவாள். "எங்க வீட்டு நாற்காலி எல்லாம் விருந்தாளிக்கு வாங்கினது" என்பார் கணவர்.

போன வாரம் அந்த அவசரம் அவளைக் கவிழ்த்துவிட்டது. ஒரே நிமிடத்தில் உருட்டலை முடித்துக் கடைசியில் ஒரு குலுக்குக் குலுக்கினாள். ஊசி முனையில் துகள்கள் அடைத்துக்கொண்டன. வந்திருந்த ஒரே குப்பி வீண். மேசையில் படுத்திருந்த தையல்காரர் ஊசி போடாமலே எழுந்து வீட்டுக்குப் போனார். அவருக்கு ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. மற்றதில், முளைக்கக் கூடாத இடத்தில் ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிகின்றன. மாதாமாதம் போட்ட ஊசி தாக்குப்பிடிக்கவில்லை. இந்தத் துகள்கள் கண்ணுக்குள்ளேயே தங்கி, ஆறு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விடும்.

"போன வாரம் தையல் கோடு கண்ணுக்கு லேசாத்தான் வளைஞ்சு தெரிஞ்சுது. இப்ப பாம்பு மாதிரி போகுதும்மா" என்றார் இன்று வந்ததும். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்தது.

புதுக் குப்பி உருள்கிறது. முகத்தை மூடிய துணிக்கு அடியிலிருந்து தையல்காரர் குரல் கொடுக்கிறார்.

"என்னம்மா, இன்னிக்கு உன் சத்தமே காணோம்? மருந்தைத் தூங்க வைக்கிறியா?"

"தூங்கத்தான் விடக்கூடாதுங்கய்யா. தூங்கினா கட்டிதட்டிடும்."

"பம்பரம், ஆச்சா?" டாக்டர் கை நீட்டுகிறார். வெளியே இன்னும் பதினோரு பேர்.

"இன்னும் இல்ல டாக்டர்."

குப்பியை விளக்குக்கு நேரே பிடிக்கிறாள். அடியோரத்தில் கடுகில் பாதியாய் ஒரு வெள்ளைப் புள்ளி. மறுபடி உருட்டுகிறாள். செருப்புக்குள் கால்விரல்கள் மட்டும் தாளம் போடுகின்றன. டாக்டர் நீட்டிய கை அப்படியே நிற்கிறது.

புள்ளி கலைகிறது. மருந்தைச் சிரிஞ்சில் இழுக்கிறாள். அதற்குள்ளும் படியக் கூடாதே; விரல்களுக்கு நடுவே உருட்டியபடியே நீட்டுகிறாள். டாக்டரும் உருட்டியபடியே வாங்கிக்கொள்கிறார்.