அஞ்சுகாதைச் செய்த தனம் அக்கா

தனம் அக்கா இறந்த செய்தி எனக்கு ரேஷன் கடை வரிசையில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பைப்பு ரிப்பேருக்கு வண்டில வருமே ஒரு பொம்பள, அது செத்துப்போச்சாம். நேத்து வல்லத்துல வேலைய முடிச்சிட்டு வந்துச்சாம். வூட்டாண்ட வண்டிய நிறுத்திட்டு நெஞ்ச புடிச்சிக்கினு உக்காந்துதாம், அவ்ளோதான்."

"அடப்பாவமே. இன்னா வயசு இருக்கும்?"

"நாப்பது கூட இருக்காது."

என் பக்கத்தில் அத்தை நின்றிருந்தார். நைனாவின் அக்கா. "உங்க இஸ்கூலுக்குக் கூட வரும் இல்ல அது? உனக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியல அத்த" என்றேன். வரிசை நகர்ந்தது. நானும் நகர்ந்தேன்.

நாளை அக்காவின் பதினாறாம் நாள் காரியம். படத்திறப்பில் படிப்பதற்காக, தெரிந்தவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரலாம் என்று அக்காவின் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். வெல்டிங் பட்டறை பாஸ்கர் அண்ணன் அக்காவின் நினைவாக, வரும் பிளம்பர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு 'பாஸ்கர் சாவி', அதாவது பேசின் நட்டு கழற்றும் ஸ்பானர், கொடுக்கப்போகிறாராம். அது நல்ல மனசு. ஆனால் அது பாஸ்கர் சாவி இல்லை. அதை யோசித்தவர் தனம் அக்கா. அவர் வைத்த பெயர் அஞ்சுகாது. இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதற்கான படங்களை வரைந்தது நான். இதைச் சொன்னால் நான் எங்கே போய் வந்துகொண்டிருந்தேன் என்பது என் நைனாவுக்குத் தெரிந்துவிடும். அதனால் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவை நான் முதலில் பார்த்தது எங்கள் பள்ளியில் கை கழுவும் இடத்தில். அப்போது நான் பத்தாம் வகுப்பு. ஒரு குழாய் அடியில் ஒழுகி வராண்டா முழுக்கத் தண்ணீர். குழாயைப் பேசினோடு இறுக்கிப் பிடித்திருக்கும் நட்டு அடிப்பக்கம், பேசினுக்கும் சுவருக்கும் நடுவே இருந்தது. இடைவெளி மூன்று விரல்கூட இருக்காது. ஒரு சாண் கீழே கடப்பா கல் வேறு. அக்காவின் கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. அவர் மல்லாந்து படுத்தபடியே எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"உங்கள்ல ஒல்லிக் கையி யாருக்கு இருக்குது? ஓடியா!"

தோழிகள் என்னைத் தள்ளிவிட்டார்கள். கையை விட்டேன். நட்டு விரலுக்கு எட்டியது, திரும்பவில்லை. நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படிந்து இறுகியிருந்தது.

"எட்டுதா?"

"எட்டுது அக்கா. அசைய மாட்டேங்குது."

"உன் கைக்கு எடம் இருக்குது, பெலம் இல்ல. என் கைக்கு பெலம் இருக்குது, எடம் இல்ல. ரெண்டையும் ஒட்டி ஒரு கையி செஞ்சாதான் உண்டு" என்று சொல்லிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். பிறகு ஸ்க்ரூ டிரைவரை வைத்து, சுத்தியலால் ஒரு மணி நேரம் தட்டி, அந்த நட்டை உடைத்துத்தான் எடுத்தார். போகும்போது, "ஏ ஒல்லிக்கையி, படம் வரைவியா நீ?" என்று கேட்டார். அறிவியல் படம் நன்றாக வரைவேன் என்றேன்.

சனிக்கிழமைகளில் திண்டிவனம் ரோட்டில் எனக்கு டியூஷன். பன்னிரண்டு மணிக்கு முடியும். வீட்டில் ஒரு மணி என்று சொல்லிவைத்தேன். நடுவில் இருந்த அந்த ஒரு மணி நேரம் அக்காவின் வீட்டில், பைப்புத் துண்டுகளுக்கு நடுவே போனது. அக்கா எனக்கு எதையும் கற்றுக்கொடுத்தார் என்று சொல்ல முடியாது. கேள்வி கேட்பார். நான் பதில் சொன்னால் "அதெல்லாம் வேலைக்கி ஆவாது" என்பார். அடுத்த வாரம் அதையே தான் கண்டுபிடித்ததுபோலச் சொல்வார். நானும் சும்மா விட மாட்டேன். "போன வாரம் நான் சொன்னேன் இல்ல?" என்றால், "நீ வாயால சொன்ன, நான் கையால சொல்றேன்" என்பார்.

அந்தச் சாவியை உங்களில் சிலர் கையில் வைத்திருக்கிறீர்கள். அது ஏன் அப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன்.

வண்டியில் பிளக் கழற்றும் ஸ்பானர் குழாய்போல இருக்கும், குறுக்கே கம்பி போட்டுத் திருப்புவோம். அதே போல் ஒன்றை நாலு விரல் உயரத்துக்குச் செய்து, நட்டின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இறக்கைகளைப் பிடிக்க நுனியில் பல் வெட்டினால், கடப்பா கல்லில் இடிக்காது என்பது அக்காவின் முதல் யோசனை. ஆனால் நட்டின் நடுவிலிருந்து தண்ணீர் டியூப் கீழே இறங்குகிறது. அதைக் கழற்றாமல் சாவியை மாட்ட வழியில்லை. மூன்று வாரம் இதிலேயே போனது. நாலாவது வாரம் நான் போனபோது, அக்கா ஒரு பிவிசி துண்டை மேலிருந்து கீழ்வரை நீளவாக்கில் பிளந்து வைத்திருந்தார். டியூபை அந்தப் பிளவு வழியாகப் பக்கவாட்டில் உள்ளே நுழைத்துக் காட்டினார்.

"ரவிக்கைக்கு முன்னாடி தொறப்பு வெச்ச மாதிரி. தலை வழியா மாட்ட வேணாம் பாரு. இத்தன வருசமா ஆம்பளைங்க பைப்பு மாட்றாங்களே, ஒருத்தனுக்குத் தோணுச்சா?"

டியூப் நடுவில் இருப்பதால் குறுக்கே கம்பி போட முடியாது. அதனால் கம்பியைச் செருகுவதற்கு வெளிப்பக்கம் சின்ன நட்டுகளைப் பற்றவைக்க வேண்டும். அவைதான் காது. அக்கா நாலு காது என்றார். நான் ஆறு என்றேன். சுவர் இடிப்பதால் ஒரு தடவைக்கு அறுபது டிகிரிதான் கம்பி போகும், முந்நூற்று அறுபதில் அறுபது ஆறு முறை போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன்.

"நாலு போதும்டி. சும்மா சும்மா பத்த வெச்சா எடத்த அடைக்கும்."

"நாலு வெச்சா பாதில நிக்கும் அக்கா. அடுத்த காது கைக்கு வராது. செவுரு உடாது."

பிவிசி துண்டில் குண்டூசி குத்தி அவரே சுற்றிப் பார்த்தார். "சரி, ஆறு" என்றார். பிறகு துண்டைத் திருப்பிப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். பிளந்த இடத்தில் காது வைக்க முடியாது என்பதை நான் மறந்திருந்தேன். "அந்த ஒரு எடத்துக்கு சாவிய எடுத்து மாத்திப் போட்டுக்கலாம். ஆனா பாத்தியா, உன் கணக்குலயும் ஒரு தொள்ள வுழுந்துச்சி!" அன்றிலிருந்து அதற்கு அஞ்சுகாது என்று பெயர்.

பிவிசியில் செய்ததெல்லாம் உப்புப் பிடித்த நட்டில் பல் முறிந்தது. இரும்பில் செய்வதற்காக நான் அளவு போட்டு ஒரு படம் வரைந்தேன். பல்லின் ஆழம் என்று எழுதி, பக்கத்தில் 6 என்று போட்டேன். அக்கா அதைப் பாஸ்கர் அண்ணனிடம் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை இருவரும் வாங்கப் போனோம். பல் ஒவ்வொன்றும் நான் வரைந்ததைப் போல மூன்று மடங்கு நீளமாக இருந்தது.

"இன்னாண்ணா, பன்னிப் பல்லு மாதிரி வெட்டி வெச்சிக்கிற?" என்றார் அக்கா.

"ஆறுன்னு எழுதி இருந்துச்சி. ஆறு நூலு வெட்டினேன். பத்தலியா?"

"அது மில்லிமீட்டர் அண்ணா" என்றேன்.

"மில்லிமீட்டர்லாம் உங்க இஸ்கூல்ல வெச்சிக்கோமா. பட்டறைன்னா நூலுதான்."

பள்ளியில் நூல் என்றால் புத்தகம். தையல்காரருக்கு அது தைக்கிற நூல். பட்டறையில் ஓர் இன்ச்சை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நூல். நான் நினைத்தது ஆறு மில்லிமீட்டர், அவர் வெட்டியது முக்கால் இன்ச். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"ஆறு இன்னான்னு எழுத மாட்டியா? ஆறு இட்லியா?"

நான் அழுதுவிடுவேன்போல இருந்தது. அக்கா அந்தத் துண்டை வண்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டு, "வா, வெட்டினது வெட்டினதுதான், போட்டுப் பாத்துடலாம்" என்றார். கூட்டுரோடு தாண்டி ஒரு கல்யாண மண்டபத்தில் அன்று அவருக்கு வேலை இருந்தது. அங்கே மேனேஜர் எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்து, "ஆம்பள ஆளு யாரும் வரலியா?" என்று கேட்டார்.

"தண்ணி நிக்கணுமா, ஆம்பள வரணுமா? ஒண்ணு சொல்லு, அதுக்கு ஏத்த மாதிரி ஏற்பாடு பண்ணலாம்."

அவர் கை கழுவும் இடத்தைக் காட்டிவிட்டுப் போனார். அக்கா படுத்துச் சாவியை உள்ளே விட்டார். அங்கே அதை நேராக நிறுத்த இடமில்லை. சாய்த்துத்தான் பிடிக்க முடிந்தது. சாய்த்த நிலையிலும் அந்த நீளப் பல் இறக்கையைக் கவ்விக்கொண்டது. என் ஆறு மில்லிமீட்டர் பல்லாக இருந்தால் அந்த இடத்திலேயே நழுவியிருக்கும். நட்டு 'டக்' என்று இளகிய சத்தம் எனக்கும் கேட்டது.

"அடியே, தப்பா வெட்டினதுதான்டி புடிச்சிக்கிச்சி!" என்று கத்திக்கொண்டே அக்கா எழுந்ததில் தலையைப் பேசினில் இடித்துக்கொண்டார். அங்கேயே என் நோட்டை வாங்கினார். 6க்குப் பக்கத்தில் தன் பென்சிலால் 'நூல்' என்று எழுதினார்.

அன்று மண்டபத்தில் யாரோ என்னைப் பார்த்துவிட்டார்கள். நைனா நெல் விற்கும் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை தூக்குகிறார். சாயங்காலம் வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நகத்தில் கிரீஸ் இருந்தது.

"அந்தக் கக்கூஸ் பைப்பு நோண்டறவகூட உனக்கு இன்னா வேல? உன் கையில அழுக்குப் படக் கூடாதுன்னுதான நான் மூட்ட தூக்கறேன்? இன்னொரு தபா அங்க பாத்தேன்னு யாராவது சொன்னாங்க, பன்னெண்டாவதோட நிறுத்திடுவேன். அவலூர்பேட்டையில மாமன் வூட்டுல பொண்ணு கேட்டுக்கினேதான் இருக்கறாங்க."

அவர் அடிக்கவில்லை. சொன்னதைச் செய்கிறவர், அதனால் அடிக்கத் தேவையில்லை. நான் மேற்கொண்டு டிப்ளமோ சேர வேண்டும் என்று ஆசைப்படுவது அவருக்குத் தெரியும். இரண்டு வாரம் போகாமல் இருந்தேன். பிறகு மறுபடியும் போனேன். இதுவரை அவருக்குத் தெரியாது.

இந்த வருடம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. அஞ்சுகாதை அங்கே வைக்கச் சொன்னார் அக்கா. செய்தவர்கள் என்று இரண்டு பெயரையும் எழுதச் சொன்னார். என் பெயர் வேண்டாம், நைனா பார்த்துவிடுவார் என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்தது.

"உன் பேரு வேணாம்னா என் பேரும் வேணாம். ரெண்டு பேரும் இல்லன்னா அது யாரு பெத்த புள்ளடி?"

கண்காட்சியில் எரிமலை மாடல் ஒன்றைத்தான் வைத்தேன். அதற்குப் பிறகு மூன்று, நான்கு பிளம்பர்கள் பட்டறையில் அந்தச் சாவியைக் கேட்டு வாங்கினார்கள். பட்டறையில் வாங்கியதால் பாஸ்கர் சாவி என்று பெயர் வந்தது. அக்காவிடம் சொன்னேன். "அவரு வெட்டினது நெசம்தான? பேரு வெக்க வேண்டியவ எரிமலை செஞ்சிக்கினு இருந்தா, ஊருல இருக்கறவன்தான் வெப்பான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வழக்கம்போலப் பேசினோம். ஆனால் பெயரைப் பற்றி அவர் மறுபடியும் பேச்செடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

பெயர் போடாமல் இதை எழுதலாமா என்று பார்த்தேன். பெயர் இல்லாத காகிதத்தை யார் நம்புவார்கள்? அதனால் நோட்டிலிருந்து அந்தப் படத்தைக் கிழித்து இத்துடன் பின் போட்டிருக்கிறேன். அளவுகள் என் பேனாவில் இருக்கின்றன. 'நூல்' அக்காவின் பென்சிலில் இருக்கிறது. அவர் எழுதித் தந்த பில் யாரிடமாவது இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். பாஸ்கர் அண்ணா, நீங்கள் வெட்டவில்லை என்று நான் சொல்லவில்லை. நீங்கள் தப்பாகப் படிக்காமல் இருந்திருந்தால் அது நழுவிக்கொண்டேதான் இருந்திருக்கும். அதையும் சேர்த்தே எல்லோரிடமும் சொல்லுங்கள். நாளை கொடுக்கும்போது அஞ்சுகாது என்று சொல்லிக் கொடுங்கள். தனம் செய்தது என்று சொல்லிக் கொடுங்கள்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய ஒரு பழக்கம். வேலை முடிந்ததும் அவர் உடனே கிளம்ப மாட்டார். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அடியில் பழைய பேப்பரை விரித்து, அதன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். பேப்பரில் ஒரு சொட்டு விழுகிறதா என்று பத்து நிமிடம் பார்ப்பார். வீட்டுக்காரர்கள் போகச் சொன்னாலும் போக மாட்டார். "செஞ்சிட்டு ஓடக் கூடாது. ஒழுவுனா நம்ம கண்ணு முன்னாடி ஒழுவட்டும்" என்பார்.

நாளை இந்தக் காகிதத்தைக் கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கமிட்டி ஆட்களோடு நைனாவும் வருவார். ஆனால் வெளியே போகப்போவதில்லை. இதைப் படித்து முடிக்கும் வரை, அவர் என்னைத் திரும்பிப் பார்க்கும் வரை, பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

மு. சந்தியா
பதினோராம் வகுப்பு